குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன்: படிக்கும் நேரத்தைக் குறைத்தால் பின்தங்கிவிடுவேனா?

கேள்வி: மருதநிலம்

அனைவருக்கும் வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். இயற்பியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தபடியே படித்து வருகிறேன். பயிற்சி மையத்தில் சேரவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், டெலிகிராம் குழுக்களில் பகிரப்படும் பி.டி.எஃப். குறிப்புகள் ஆகியவையே என்னிடம் இருப்பவை. சென்ற தேர்வில் கட் ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். இன்னும் சில வினாக்கள் சரியாகியிருந்தால் இப்போது இளநிலை உதவியாளராக எங்காவது பணியில் இருந்திருப்பேன் என்ற எண்ணம் அடிக்கடி வந்து போகிறது.

அதன் பிறகு படிக்கும் நேரத்தைக் கூட்டினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பதினொரு மணி வரை புத்தகத்தோடுதான் இருக்கிறேன். தமிழ்ப் பாடநூல்களைப் பலமுறை படித்துவிட்டேன். முக்கியமான வரிகளை வண்ணப் பேனாவால் அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறேன். படிக்கும்போது ஒவ்வொரு வரியும் தெரிந்ததாகவே இருக்கிறது. ஆனால் மாதிரித் தேர்வில் அதே பாடத்திலிருந்து வினா வரும்போது, இரண்டு விடைகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறேன். எந்தப் பக்கத்தில், எந்த ஓரத்தில் படித்தேன் என்பது நினைவுக்கு வருகிறது, விடை வருவதில்லை.

அண்மைக் காலமாகப் புத்தகத்தைத் திறக்கவே மனம் ஒப்பவில்லை. தலைவலி அடிக்கடி வருகிறது. தங்கை சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூட எரிந்து விழுகிறேன். மாலையில் அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாலும், அந்த நேரத்தில் வேறு யாரோ ஒருவர் படித்து என்னை முந்திக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. பல லட்சம் பேர் எழுதும் தேர்வு என்பதால் அந்த எண்ணத்தைத் தள்ளிவைக்கவும் முடியவில்லை. அப்பா விவசாயம் செய்கிறார். வீட்டில் யாரும் என்னைக் கடிந்து பேசுவதில்லை. ஆனால் "இந்த முறை எப்படியும் கிடைத்துவிடும்" என்று அவர்கள் அன்போடு சொல்வதே எனக்குப் பாரமாக இருக்கிறது.

நான் அறிய விரும்புவது இதுதான். படிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அதே பாடத்திட்டத்தை முடிக்க முடியுமா? படித்தது தேர்வறையில் கைகொடுக்க வேண்டுமானால் படிக்கும் முறையில் எதை மாற்ற வேண்டும்? இந்தச் சோர்வு தேர்வுக்குப் படிக்கும் எல்லாருக்கும் வருவதுதானா, அல்லது நான் கவனிக்க வேண்டிய ஒன்றா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: கரிசல்காடு

வணக்கம் சகோதரி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் ஒன்றில் இந்திய அரசியலமைப்பும் கணக்கும் நடத்தி வருகிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தேர்வில் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் உங்கள் சோர்வின் வேரும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பக்கத்தைப் பார்த்து "இது எனக்குத் தெரியும்" என்று உணர்வதும், அந்தப் பக்கம் கண்முன் இல்லாதபோது அதிலுள்ளதை மனத்திலிருந்து எடுத்துச் சொல்வதும் வெவ்வேறு திறன்கள். மறுபடியும் மறுபடியும் படிப்பது முதலாவதை மட்டுமே வளர்க்கிறது. தேர்வு கேட்பதோ இரண்டாவதை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று முறையும் அதைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். அவர்களுக்கு 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 விழுக்காடும் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாகிவிட்டது. படித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு மிஞ்சியிருந்தது. இதில் நம் கவனத்துக்குரிய இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்னதாகக் கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் மீண்டும் மீண்டும் படித்த பிரிவினர்தான். நாம் நம்மை எடைபோடும் உணர்வே நம்மைத் தவறாக வழிநடத்துகிறது என்பதால், உங்கள் உழைப்பு வீணாவதாகத் தோன்றுவதில் வியப்பேதும் இல்லை.

2013இல் டன்லாஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும், மாணவர்கள் பரவலாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளுக்கான சான்றுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். அடிக்கோடிடுதலும் மறுபடி படித்தலும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை இடைவெளிவிட்டுப் பல நாட்களுக்குப் பரப்புவதும் மிகுந்த பயன் தருபவையாக நின்றன.

இதை உங்கள் பாடத்தில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். அரசியலமைப்புத் திருத்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிலிருக்கும் அனைத்தையும் எழுதுங்கள். 42ஆவது திருத்தம் 1976ஆம் ஆண்டு, அடிப்படைக் கடமைகள். 44ஆவது திருத்தம் 1978, சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கம். 61ஆவது திருத்தம், வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18. 73, 74ஆவது திருத்தங்கள் முறையே ஊராட்சிகள், நகராட்சிகள் தொடர்பானவை. 86ஆவது திருத்தம் 2002, கல்வி உரிமைக்கான 21அ உறுப்பு. எழுத வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காமல் சிறிது நேரம் முயன்று பாருங்கள். அந்த முயற்சியே நினைவை உறுதிப்படுத்துகிறது. பிறகு திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீங்கள் பார்க்க வேண்டியது பாடம் முழுவதையும் அல்ல, வேறு நிறத்தில் உள்ளதை மட்டும்தான். நேரம் குறைவது இங்கேதான் தொடங்குகிறது. பதினைந்தாம் முறையாக ஒரு பாடத்தைப் படிக்கும்போது, அதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். தெரியாத நான்கு வரிகளுக்காகத் தெரிந்த நாற்பது வரிகளையும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

எப்போது திரும்பப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் நினைவையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்ட முடிவுகள், மறதி முதல் நாளிலேயே வேகமாக நிகழ்ந்து பிறகு மெதுவாகிறது என்று காட்டின. 2008இல் செபீடா முதலானோர் செய்த ஆய்வு, தேர்வு தள்ளியிருக்க இருக்கத் திருப்புதலுக்கான இடைவெளியும் நீள வேண்டும் என்று காட்டியது. படித்தது ஒரு வாரம் கழித்துத் தேவையென்றால் ஒரு நாள் இடைவெளியும், 70 நாள் கழித்துத் தேவையென்றால் ஏறக்குறைய மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. குரூப் 4 எழுதுபவர்களுக்கு மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை என்பது எளிதில் கடைப்பிடிக்கக்கூடிய அளவு என்று என் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் வெற்றுத் தாள். அதன் பிறகே புத்தகம்.

கணக்குக்கு வருகிறேன். நூறு பொது அறிவு வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. அதாவது 300 மதிப்பெண்ணில் 37.5 மதிப்பெண். ஒரு நாள் முழுவதும் தனிவட்டி, மறுநாள் முழுவதும் கூட்டுவட்டி என்று போட்டால், பத்தாவது கணக்கில் மூளை யோசிப்பதை நிறுத்திவிட்டு வாய்பாட்டில் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும். தேர்வில் கணக்குக்கு மேல் அத்தியாயத் தலைப்பு இருப்பதில்லை. ஆகவே வட்டி, மீப்பெரு பொதுக் காரணி, காலமும் வேலையும், பரப்பளவு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கலந்து ஒரே அமர்வில் போடுங்கள். முதலில் மெதுவாகத்தான் போகும், விடைகளும் தவறும். ஆனால் "இது எந்த வகைக் கணக்கு" என்று அடையாளம் காணும் பழக்கம் அதில்தான் வளர்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டால், அசலை வட்டிவீதத்தின் நூற்றில் ஒரு பங்கின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். 8000 ரூபாய்க்கு 5 விழுக்காடு என்றால் 20 ரூபாய் என்று ஒரு வரியில் விடை வந்துவிடும். கண்டுகொள்ளாவிட்டால் நீண்ட வழியில் மூன்று நிமிடம் போய்விடும்.

இந்த முறையில் படிப்பது கடினமானது. அதை மறைக்க விரும்பவில்லை. பதினாறு மணி நேரம் இப்படிப் படிக்க யாராலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. முழுநேரமாகப் படிப்பவருக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு நாற்பது, ஐம்பது நிமிடத்துக்குப் பிறகும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். அந்த இடைவேளையில் கைபேசியைத் தொடாதீர்கள். டெலிகிராம் குழுவில் இன்னொரு நூறு பக்கக் குறிப்பைப் பார்த்தால் ஓய்வும் போய்விடும், பதற்றமும் கூடிவிடும். அந்தக் குழுக்களில் பெரும்பாலானவற்றிலிருந்து விலகிவிடுவது நல்லது என்றுகூடச் சொல்வேன். பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்த தேர்வுக்குப் பாடநூலும் பழைய வினாத்தாளும் கையில் இருக்கும்போது, யார் தொகுத்தார்கள் என்றே தெரியாத, பிழைகள் மலிந்த குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போவது படிப்பாகாது.


பதில்: தாமிரபரணி

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஐந்து, ஆறு மணி நேரம் என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே இதே தேர்வுக்குப் படித்து, இப்போது வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கடை நாட்களில் எனக்குக் காலையில் இரண்டு மணி நேரமும் இரவில் சிறிது நேரமும்தான் கிடைத்தன. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஐந்து மணி நேரக் கணக்கைச் சொன்னால், அவர்கள் முயற்சியையே கைவிட்டுவிடக்கூடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நேரம் குறைவாக இருந்தது எனக்கு ஒரு வகையில் உதவியாகவே இருந்தது. எதைப் படிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. பகுதி அ தமிழில் 100 வினாக்கள், 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் பெறாவிட்டால் பகுதி ஆ எனப்படும் பொது அறிவுப் பகுதியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பாதி மதிப்பெண் நம் தாய்மொழியில், நாம் பள்ளியில் படித்த இலக்கணத்தில் இருக்கிறது. அதனால் காலை நேரம் முழுவதையும் தமிழுக்கும் கணக்குக்கும் கொடுத்தேன். வரலாறு, புவியியல், அறிவியல் ஆகியவற்றைப் பேருந்துப் பயணத்தில் சிறிய அட்டைகளைக் கொண்டு படித்தேன். அட்டையின் ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் விடை. சரியாகச் சொன்ன அட்டை பின்னுள்ள பெட்டிக்குப் போகும், அதை அரிதாகவே எடுப்பேன். தவறியது முன்பெட்டிக்கு வரும், அதை அன்றாடம் எடுப்பேன். லைட்னர் பெட்டி என்ற பெயரில் இந்த முறை பலருக்கும் தெரிந்திருக்கும். வாடகையில்லாத, மின்சாரமும் தேவைப்படாத இந்த முறையைத் தாங்களும் கையாளலாம்.

சங்க நூல்கள், பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் போன்ற பெயர்ப்பட்டியல்களுக்கு நம் முன்னோர் வெண்பாவே இயற்றி வைத்திருக்கிறார்கள். எட்டுத்தொகைக்கும் பத்துப்பாட்டுக்கும் உரிய அந்த வெண்பாக்களை மனப்பாடம் செய்துவிட்டால், அந்த வரிசை வாழ்நாள் முழுவதும் மறக்காது. இத்தகைய பட்டியல்களை வாய்விட்டுச் சொல்லிப் படிப்பதைப் பழமையான முறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நூலின் பெயர், ஆசிரியர், பாவகை என்று மூன்றையும் தொடர்புபடுத்திக் கேட்கும் வினாக்களுக்கு மட்டும் அட்டைகளைக் கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுச் சூழலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே படிப்பவருக்குப் படிப்பு எப்போது முடிகிறது என்பதே தெரியாது. சாப்பிடும்போதும் குற்ற உணர்வு கூடவே உட்கார்ந்திருக்கும். அருகில் கிளை நூலகமோ, நகராட்சியின் அறிவுசார் மையமோ இருந்தால் அங்கே சென்று படியுங்கள். திரும்பி வீட்டு வாசலில் கால் வைத்ததும் அன்றைய படிப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வர்கள் சொந்தப் புத்தகத்தோடு நாள்தோறும் வந்து அமர்வதைப் பார்க்கலாம். பெரிய நூலகம் இல்லாத ஊரில், வீட்டிலேயே ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் படிப்புக்கென ஒதுக்கி, மற்ற இடங்களுக்குப் புத்தகத்தைக் கொண்டு போகாமல் இருந்தாலும் ஓரளவு பலன் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு, அம்மா. அறிவிப்பு வருவதும், தேர்வு நடப்பதும், முடிவு வருவதும், சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் என்று இந்தப் பாதை மாதக்கணக்கில் நீள்வது. இதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒவ்வொரு மாதிரித் தேர்வும் வாழ்க்கையையே தீர்மானிப்பதாகத் தோன்றுகிறது. பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுங்கள். சிறிது வருமானம் வரும். பத்தாம் வகுப்பு இயற்பியலைச் சொல்லிக் கொடுப்பது உங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே அடங்கியதுதான்.


பதில்: நீலகிரித் தேயிலை

நான் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். படிப்பு முறையைப் பற்றி மேலே இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பு ஏட்டில், நீடித்த வேலைச் சுமையால் ஏற்படும் தீராச் சோர்வை நோய் என்று கூறாமல், வேலை தொடர்பான ஒரு நிலை என்றே குறிப்பிட்டிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. ஆற்றல் முழுவதும் வற்றிப்போனது போன்ற களைப்பு. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போய் அதன்மேல் கசப்பு ஏற்படுதல். எவ்வளவு செய்தும் பயனில்லை என்ற உணர்வு. அந்த வரையறை வேலைக்குப் போகிறவர்களை முன்வைத்து எழுதப்பட்டது. எனினும் தேர்வுக்குப் படிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்களிடமும் இம்மூன்றையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆகவே இது எல்லாருக்கும் வருவதுதானே என்று தள்ளிவிடக் கூடாத கட்டத்தில் இருக்கிறீர்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது தூக்கம். பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால், படுத்தவுடன் உறங்கிவிட்டாலும்கூட ஆறு மணி நேரம்தான் ஆகிறது. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. பகலில் படித்தது நிலையான நினைவாக உறுதிப்படுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற ஆய்வாளர்கள் 1924ஆம் ஆண்டிலேயே, கற்றபின் உறங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைக் காட்டிலும் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று கண்டார்கள். எனவே உறக்கத்தில் வெட்டி எடுத்த ஒரு மணி நேரம் படிப்புக்குச் சேர்வதில்லை. முந்தைய மணி நேரங்களில் படித்ததிலிருந்தும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தலைவலிக்கும் எரிச்சலுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மாலை நான்கு மணிக்குப் பிறகு தேநீரும் காபியும் வேண்டாம். அவற்றிலுள்ள கஃபீனில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கண் பரிசோதனையும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இரத்தசோகை மிகப் பரவலாக இருக்கிறது; அதனால் வரும் களைப்பை மனச்சோர்வு என்றோ சோம்பல் என்றோ எண்ணித் தம்மையே நொந்துகொள்ளும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

உறக்கத்தைச் சரிசெய்து, வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தை முற்றிலும் மூடிவைத்த பிறகும், எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பசியும் உறக்கமும் பெரிதும் மாறிப்போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அது படிப்பு முறையை மாற்றித் தீர்க்கக்கூடியது அன்று. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் உதவி எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பெற்றோரின் எதிர்பார்ப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "எப்படியும் கிடைத்துவிடும்" என்று சொல்பவர்களிடம், இந்தத் தேர்வு எத்தனை பேர் எழுதுவது, எத்தனை இடங்களுக்கானது என்பதை அமைதியாக உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். 2025இல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3935. இந்த எண்ணை அறிந்த பெற்றோர், பிள்ளையின் முயற்சியை முடிவைக் கொண்டு மட்டும் அளக்க மாட்டார்கள். இன்னும் எத்தனை முறை எழுதுவது, அதற்குள் கிடைக்காவிட்டால் இயற்பியல் பட்டத்தைக் கொண்டு வேறென்ன செய்வது என்பதையும் அந்தப் பேச்சிலேயே முடிவு செய்துவிடுங்கள். மாற்று வழியைப் பேசுவது தோல்வியை அழைப்பதாகும் என்று பல வீடுகளில் அஞ்சுகிறார்கள். என்னிடம் வருபவர்களில், மாற்று வழி தெரிந்தவர்களே தேர்வறையில் பதறாமல் அமர்கிறார்கள்.


கேள்வி கேட்டவர்: மருதநிலம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹீமோகுளோபின் பரிசோதனையைப் பற்றி நான் எண்ணியதே இல்லை; இந்த வாரம் சென்று பார்க்கிறேன். வெற்றுத் தாள் முறையை ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் ஒன்றில் நேற்று முயன்று பார்த்தேன். பலமுறை படித்த பாடத்திலேயே பாதியளவுகூட எழுத முடியாதது மனத்தை வருத்தியது உண்மைதான். ஆனால் எது தெரியவில்லை என்பது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

கரிசல்காடு ஐயாவிடம் இன்னொரு கேள்வி. நான் சேர்ந்திருக்கும் இணையவழி டெஸ்ட் பேட்ச் ஒன்றில் வாரத்துக்கு மூன்று முழு மாதிரித் தேர்வுகள் நடத்துகிறார்கள்; தரவரிசையையும் உடனே வெளியிடுகிறார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது நல்லது என்றால், இவை அனைத்தையும் எழுத வேண்டுமா? ஒவ்வொரு முறை தரவரிசையைப் பார்க்கும்போதும் அன்றைய நாள் முழுவதும் கெட்டுவிடுகிறது.


பதில்: கரிசல்காடு

வேண்டாம் சகோதரி. நான் சொன்ன சோதனையும் டெஸ்ட் பேட்ச் நடத்தும் தேர்வும் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை. வெற்றுத் தாளில் எழுதுவது கற்பதற்காக. முழு மாதிரித் தேர்வு நேரத்தைக் கையாளப் பழகுவதற்காக. இரண்டாவது வாரத்துக்கு மூன்று முறை தேவையில்லை. இப்போதைக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றும், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வாரத்துக்கு ஒன்றும் எழுதினால் போதும். ஒவ்வொரு முழுத் தேர்வுக்கும் மறுநாள் வேறெதையும் படிக்காமல், தவறிய வினாக்களை மட்டும் பாருங்கள். தெரியாமல் தவறியது எது, தெரிந்தும் இரண்டு விடைகளுக்கிடையே குழம்பியது எது, வினாவைச் சரியாகப் படிக்காததால் போனது எது என்று பிரித்து எழுதுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குப் பாடநூல், இரண்டாவதற்கு அந்த இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டை, மூன்றாவதற்கு "பொருந்தாதது எது", "தவறானது எது" போன்ற சொற்களின் கீழே கோடிடும் பழக்கம். இந்த ஆய்வைச் செய்யாமல் அடுத்த மாதிரித் தேர்வை எழுதினால், அதே தவறுகளை இன்னொரு தாளில் எழுதுவதாகத்தான் முடியும்.

தரவரிசையைப் பார்க்காதீர்கள். அந்தக் குழுவில் யார் எழுதுகிறார்கள், வினாத்தாளை முன்கூட்டியே பார்த்தவர்கள் எத்தனை பேர், அந்த வினாக்கள் தேர்வாணையத்தின் தரத்தில் உள்ளனவா என்பதையெல்லாம் அறிய வழியில்லாதபோது, அந்த எண் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தேர்வாணையம் நடத்திய பழைய வினாத்தாள்களையே முழுத் தேர்வுக்குப் பயன்படுத்துங்கள். உங்கள் சென்ற மாத மதிப்பெண்ணோடு இந்த மாத மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

எழுதும்போது உண்மையான தேர்வு நேரமான காலை 9.30 மணிக்கே தொடங்கி 12.30 மணிக்கு முடியுங்கள். இரவில் விழித்துப் படித்துப் பழகிய மூளை முற்பகலில் மந்தமாக இருப்பதைப் பலரிடம் பார்க்கிறேன். 180 நிமிடத்தில் 200 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 54 வினாடி. தமிழ் வினாக்களை அதைவிடக் குறைவான நேரத்தில் முடித்தால்தான் கணக்குக்கு மிச்சம் கிடைக்கும் என்பதால், எந்த வரிசையில் விடையளிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்து பழகுங்கள். ஓ.எம்.ஆர். தாளின் நகலை அச்செடுத்து, வட்டங்களைக் கருமைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிப் பழகுவதும் அவசியம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆனால் தாளை நிரப்புவதில் செய்யும் பிழைகளுக்குக் குறைப்பு உண்டு. விடை தெரியாத வினாவுக்கென்று ஐந்தாவது வட்டம் இருக்கிறது. இருந்தாலும் நான்கில் இரண்டு விடைகளை நீக்க முடிந்த வினாவில், மீதமுள்ள இரண்டில் ஒன்றைத் துணிந்து குறியுங்கள்.

டெஸ்ட் பேட்சுக்குப் பணம் கட்டிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். அவர்களின் வினாத்தாள்களைப் பாடவாரியாகப் பிரித்து, அந்தந்தப் பாடத்தைத் திருப்பும் நாளில் பத்துப் பதினைந்து வினாக்களாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தால், ஐந்து மணி நேரம் என்று நான் சொன்ன அளவையும் முதல் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொண்டு திட்டமிடுவோம்.